38 லைசென்ஸ், 4,29,604 கணினிகள்: அமெரிக்கக் கடற்படை வழக்கும் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் நிர்வாகமும்

பிட்மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் என்ற ஜெர்மன் நிறுவனம் 2016இல் அமெரிக்க அரசின் மேல் போட்ட வழக்கை இரண்டு எண்களில் சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கிடைத்த லைசென்ஸ் 38. மென்பொருள் ஏற்றப்பட்ட கணினிகள் 4,29,604. கேட்டதும் பட்டப்பகல் திருட்டு என்றுதான் தோன்றும். ஆனால் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் (கணினியோடு கட்டாமல், ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம் என்று மட்டும் எண்ணும் அனுமதி) சர்வரை நடத்திப் பழகியவர் இந்த எண்களைப் பார்த்து அவ்வளவு சீக்கிரம் அதிர மாட்டார். கல்யாணப் பந்தியில் 38 இலைதான் விழும் என்பதற்காகப் பத்திரிகையும் 38 பேருக்கு மட்டும் வைப்பதில்லை. அதுபோல, 38 இருக்கை (ஒரே நேரத்தில் ஒருவர் திறப்பதற்கான இடம்) வாங்கி நாலு லட்சம் கணினியில் மென்பொருளை வைத்திருப்பது முழுக்கச் சட்டப்படி நடக்கக்கூடிய காரியமே. ஒவ்வொரு பிரதியும் திறக்கும் முன் சர்வரிடம் இடம் கேட்க வேண்டும் என்பதுதான் அதற்கான முக்கிய நிபந்தனை. கடற்படை கோட்டை விட்டது அதில்தான்.

நடந்தது என்ன

கடற்படையின் கட்டுமானப் பொறியியல் பிரிவான நேவ்ஃபேக், தளங்களையும் கட்டடங்களையும் முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்த்துத் திட்டமிட ‘ஸ்பைடர்ஸ் 3டி’ என்ற இணையவழி அமைப்பை வைத்திருந்தது. அதில் காட்சியைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருள் பிட்மேனேஜ்மென்டின் ‘பிஎஸ் கான்டாக்ட் ஜியோ’. வாங்கல் எல்லாம் பிளானெட் 9 ஸ்டுடியோஸ் என்ற இடைநிலை நிறுவனம் வழியாக நடந்தது. அதனால் தயாரித்தவருக்கும் பயன்படுத்தியவருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. பின்னால் வழக்கு இத்தனை ஆண்டு இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் வாங்கியவை கணினிக்கு ஒன்று என்ற ஃபிக்ஸட் லைசென்ஸ்கள். கடற்படை உள்வலையில் பயனர் தானாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. மையத்திலிருந்து அனுப்பினால்தான் ஏறும். எந்த ஊழியருக்கு எந்த நாளில் தேவைப்படும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் கணினிக்கு ஒரு சாவி என்ற முறை நடைமுறைக்கு ஒத்துவராது. எல்லாக் கணினியிலும் ஏற்றிவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம் என்பதை ஃப்ளெக்செரா லைசென்ஸ் சர்வரால் கட்டுப்படுத்துவது என்று பேச்சு நடந்தது. பிட்மேனேஜ்மென்டும் ஒத்துழைத்து, தன் சொந்தப் பிரதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பதிப்பைக் கொடுத்தது. 2013இலிருந்து கடற்படை அதைப் பெருமளவில் ஏற்றத் தொடங்கியது.

2016இல் வழக்கு. புகாரில் கேட்ட தொகை சுமார் 59.6 கோடி டாலர். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் என்று வைத்துக்கொண்டு, பிரதிக்குச் சுமார் 1,068 டாலர் வீதம் போட்ட கணக்கு. விசாரணையில் கணினி எண்ணிக்கை 4,29,604 என்று வந்து நின்றது. 2019இல் அமெரிக்கக் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. எழுத்தில் லைசென்ஸ் இல்லாவிட்டாலும், பரவலாக ஏற்றப்படப் போவது தெரிந்தே நிறுவனம் ஒத்துழைத்திருக்கிறது. ஆகவே நடத்தையிலிருந்தே அனுமதி புலப்படுகிறது என்பது அதன் நிலை.

2021 பிப்ரவரி 25இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. அனுமதி இருந்தது என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் அந்த அனுமதியே ஃப்ளெக்செராவால் எண்ணிக் கட்டுப்படுத்துவது என்ற நிபந்தனையின் மேல் நின்றது. பிரதி எடுத்தபோது அந்தக் கட்டுப்பாடு பிரதியில் இல்லை. வெறும் வாக்குறுதியை மீறியிருந்தால் அது ஒப்பந்தத் தகராறு. நிபந்தனையை மீறினால் அனுமதியே கிடையாது. பிரதி எடுத்ததே பதிப்புரிமை மீறல். லைசென்ஸ் நிர்வாகத்தில் இருப்பவர் சட்டம் படிக்காவிட்டாலும் இந்த வேறுபாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இழப்பீட்டைக் கணக்கிட வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. கிடைத்தது 1,54,400 டாலர். ஏற்றப்பட்ட பிரதிக்கு என்று வகுத்தால் 36 சென்ட் கூடத் தேறாது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் இந்தத் தொகை உறுதியானது. ஏன் இவ்வளவு சுருங்கியது என்பதைப் பின்னால் பார்ப்போம். அதற்கு விடை, யார் எப்போது திறந்தார் என்று பதியும் லாக் கோப்பில் இருக்கிறது.

உறை மாட்டுவது என்றால் என்ன

ஃப்ளோட்டிங் லைசென்ஸ் மென்பொருளுக்குள் இரண்டு வழியில் வரலாம். தயாரிப்பாளர் தன் நிரலிலேயே சர்வரிடம் இடம் கேட்கும் அழைப்பை எழுதுவது ஒன்று. மூல நிரலைத் தொடாமல், முடிந்த நிரல் கோப்பின் மேல் ஓர் உறையைப் போர்த்துவது மற்றொன்று. கடற்படை வழக்கில் பேசப்பட்ட ஃப்ளெக்செராவின் ஃப்ளெக்ஸ்ராப் இந்த இரண்டாம் வகை. பயனர் ஐகானைத் தட்டினால் முதலில் உறை விழித்துக்கொள்கிறது; சர்வரைத் தொடர்பு கொள்கிறது; இடம் இருந்தால் உள்ளே இருக்கும் நிரலை எழுப்புகிறது, இல்லாவிட்டால் பிழை காட்டி மூடுகிறது.

உறை முறையில் பொதுவாகப் பிசகும் இடங்கள் மூன்று. முதலாவது வரிசை: ஏற்றும் பொதியை (கணினிகளுக்கு அனுப்பும் கோப்புத் தொகுப்பை) தயார் செய்யும் குழு வேறு, லைசென்ஸ் குழு வேறு என்று இருக்கும் பெரிய நிறுவனங்களில், உறையில்லாத மூலப் பொதியே விநியோகத்துக்குப் போய்விடும். “ஏற்றிவிடலாம், கட்டுப்பாட்டை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்” என்ற பேச்சு எழுந்தால் கடற்படைத் தீர்ப்பை நீட்டிக் காட்டலாம். அங்கே நீதிமன்றம் பார்த்தது பிரதி எடுத்த நேரத்தைத்தான்.

இரண்டாவது, நுழைவழிகள். ஒரே மென்பொருளைத் தனி நிரலாகத் திறக்கலாம். உலாவியின் செருகுநிரலாக ஓடலாம். வேறு மென்பொருள் அதன் நூலகக் கோப்பை நேரடியாக அழைக்கலாம். கட்டளை வரியிலிருந்து இரவுப் பணியாக ஓட்டலாம். முதன்மைக் கோப்புக்கு மட்டும் உறை போட்டால் மற்ற வழிகள் திறந்தே கிடக்கும். லாகில் பயன்பாடு குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து லைசென்ஸ் மிச்சம் என்று முடிவெடுத்தால் தவறு இரட்டிப்பாகும்.

மூன்றாவது, புதுப்பிப்பு. தயாரிப்பாளரின் பேட்ச் முதன்மைக் கோப்பையே மாற்றி எழுதினால் உறையும் சேர்ந்து போய்விடும்.

மூன்றையும் பிடிக்க ஒரு சோதனை போதும். பொதியை அப்படியே ஒரு சுத்தமான சோதனைக் கணினியில் ஏற்றுங்கள். அந்தக் கணினியிலிருந்து லைசென்ஸ் சர்வருக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடையுங்கள். பிறகு ஒவ்வொரு நுழைவழியிலும் மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒன்றில் திறந்துவிட்டால் பொதி வெளியே போகக் கூடாது. அடுத்து வழியைத் திறந்துவிட்டு, சோதனை சர்வரில் ஒரே ஓர் இருக்கையை வைத்து, இரண்டு கணினிகளில் திறக்க முயலுங்கள். இரண்டாவதுக்கு மறுப்பு வர வேண்டும். சர்வர் லாகில் அந்த மறுப்பு பதிவாகியிருக்கவும் வேண்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், அதனால்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

38 இருக்கை எத்தனை பேரைத் தாங்கும்

மொத்தப் பயனரை நாலால் வகுப்பது, ஐந்தால் வகுப்பது என்று வாய்வழியாக உலவும் விகிதங்களை நம்ப வேண்டாம். 1917இல் டென்மார்க்கின் அக்னர் கிராரப் எர்லாங் தொலைபேசி இணைப்புகளுக்காக வெளியிட்ட சூத்திரம் இங்கே அப்படியே பொருந்தும். உச்ச மணியில் (நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில்) வரும் திறப்புகளின் எண்ணிக்கையை, ஒருவர் சராசரியாக வைத்திருக்கும் நேரத்தால் (மணியில்) பெருக்கினால் வருவது எர்லாங் சுமை. மணிக்கு 58 திறப்பு, ஒவ்வொன்றும் அரைமணி என்றால் 29 எர்லாங். 38 இருக்கையில் இந்தச் சுமைக்கு நூற்றில் ஏறத்தாழ இரண்டு பேர் திருப்பி அனுப்பப்படுவார்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு இது தாங்கக்கூடிய அளவு.

இப்போது அதே 58 பேர் வேலை முடிந்த பின்னும் மூடாமல் பத்து நிமிடம் கூடுதலாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். சுமை 38.7 எர்லாங்குக்கு ஏறும். மறுப்பு 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆள் கூடவில்லை, வேலை கூடவில்லை. வெறும் பத்து நிமிடச் சோம்பல். கூடுதல் இருக்கைக்குப் பணம் கேட்டு நிதிப் பிரிவுக்குப் போகும் முன் சும்மா திறந்து கிடக்கும் நேரத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

இன்னொரு பொதுவான செயல், துறைகள் சண்டை போடுகின்றன என்று இருக்கையைப் பிரித்துக் கொடுப்பது. 38ஐ 19, 19 ஆகப் பிரித்து, 29 எர்லாங்கையும் 14.5 ஆகப் பாதியாக்கினால், இரு பக்கத்திலும் மறுப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகும். ஒரு துறைக்கு இடமில்லாத நேரத்தில் மற்ற துறையின் இருக்கை சும்மா கிடக்கும். சண்டை ஓய்வதற்குப் பதில் இரு துறையும் சேர்ந்து புகார் எழுதும்.

இந்தச் சூத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. மறுக்கப்பட்டவர் போய்விடுவார் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அவர் உடனே மறுபடி தட்டுவார். மறுப்பு 5 சதவீதத்தைத் தாண்டும்போது சூத்திரம் காட்டுவதைவிட நிலைமை மோசமாகவே இருக்கும்.

யாருக்கு ஃபிக்ஸட், யாருக்கு ஃப்ளோட்டிங்

ஃபிக்ஸட் என்பது கணினியின் அடையாள எண்ணோடு கட்டியதாக இருக்கலாம், பெயரோடு கட்டியதாகவும் இருக்கலாம். முதலாவதில் மதர்போர்டோ நெட்வொர்க் கார்டோ மாறினால் புதிய கோப்பு வாங்க வேண்டும். இரண்டாவதில் ஆள் வேலையை விட்டால் பெயரை மாற்ற வேண்டும்; எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். ஒரே கணக்கை ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாற்றுவதை ஏறத்தாழ எல்லா ஒப்பந்தமும் தடுக்கிறது.

முடிவெடுக்கும் கணக்கு எளிது. ஒரு ஃப்ளோட்டிங் இருக்கையின் விலை ஃபிக்ஸடைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். உச்ச மணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மென்பொருளைப் பிடித்து வைத்திருப்பவருக்கு ஃபிக்ஸட் மலிவு. அதற்குக் கீழே இருப்பவர் பொதுத் தொகுப்பில் இருக்கலாம். இங்கே உச்ச மணி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நான்கு மணி நேரம் பயன்படுத்துபவர் அதை மாலை ஆறுக்கு மேல் செய்கிறார் என்றால், நெரிசலில் அவருக்குப் பங்கே இல்லை. சராசரியை வைத்து அவருக்கு ஃபிக்ஸட் வாங்கிக் கொடுப்பது வீண் செலவு.

ஆப்ஷன்ஸ் கோப்பில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஃப்ளெக்செராவின் லைசென்ஸ் சர்வரான ஃப்ளெக்ஸ்நெட்டில், யாருக்கு எத்தனை என்ற கொள்கை முழுவதும் ‘ஆப்ஷன்ஸ்’ என்ற ஒரு சாதாரண உரைக் கோப்பில் இருக்கிறது: தயாரிப்பாளர் டீமனின் (சர்வரில் பின்னணியில் ஓடும் நிரலின்) பெயரும் ‘ஓபிடி’ என்ற பின்னொட்டும் கொண்ட கோப்பு. அதில் ‘ரிசர்வ்’ எழுதினால் அந்த இருக்கை, குறிப்பிட்ட குழுவில் யாரும் அலுவலகத்துக்கே வராத நாளிலும் பூட்டியே கிடக்கும். மேலே சொன்ன 19, 19 நிலைமைக்கு இது நேர்வழி. ஒரு குழு அளவுக்கு மீறி எடுப்பதுதான் பிரச்சினை என்றால் ‘மேக்ஸ்’ போதும். அது உச்ச வரம்பை மட்டும் வைக்கிறது, எதையும் பூட்டுவதில்லை.

‘இன்க்ளூட்’ இன்னும் ஆபத்து. ஒருவரைச் சேர்ப்பதாக நினைத்து ஒரே ஒரு வரி எழுதினால், அந்த அம்சத்தில் (லைசென்ஸ் எண்ணப்படும் மென்பொருளில் அல்லது அதன் பகுதியில்) பட்டியலில் இல்லாத எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். ‘எக்ஸ்க்ளூட்’டிலும் பெயர் இருந்தால் அதுவே வெல்லும். பயனர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இயல்பாகவே பார்க்கப்படுகிறது. விண்டோஸ் பெயரைத் தட்டச்சு செய்தவர் முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் விதி பேசாமல் செயலிழந்து கிடக்கும்.

சும்மா கிடக்கும் இருக்கையைத் திரும்பப் பெறும் ‘டைம்அவுட்’ நொடியில் எழுதப்படும். தயாரிப்பாளர் வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாது; அது வழக்கமாக 900 நொடி, அதாவது கால்மணி. மென்பொருள் தான் சும்மா இருப்பதைச் சர்வருக்குச் சொல்லும்படி எழுதப்பட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். நீண்ட கணக்கீடு ஓடும்போது விசைப்பலகை அசையவில்லை என்பதால் இருக்கை பறிபோகிறதா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு, சோதித்த பிறகே போட வேண்டும். திரும்பி வந்தவருக்கு இருக்கை இல்லை என்றால் சேமிக்காத வேலை அந்தரத்தில் நிற்கும்.

வெளியூர் போகிறவர் இருக்கையைக் கடன் எடுக்கும் வசதி இருந்தால், கடனுக்குப் போகாமல் நிறுத்திவைக்கும் எண்ணிக்கையான ‘பாரோ லோவாட்டர்’ அவசியம். 38இல் அதை 32 என்று வைத்தால் கடனுக்குப் போகக்கூடியது 6 மட்டும். மடிக்கணினி தொலைந்தால் கடன் கெடு முடியும்வரை அந்த இருக்கை திரும்பாது. எனவே கெடுவை நாள் கணக்கில் சுருக்கியே வையுங்கள்.

கொள்கைக்கு வெளியேயும் சில உண்டு. தலைமை டீமன் இயல்பாக 27000 முதல் 27009 வரையுள்ள போர்ட்டில் (வலை இணைப்புக்கான எண்ணிட்ட வாசலில்) கேட்கும். ஆனால் தயாரிப்பாளர் டீமனுக்குப் போர்ட் எண் எழுதாவிட்டால் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஃபயர்வால் அதை அடைக்கும். திங்கட்கிழமை காலை யாராலும் திறக்க முடியாது. லைசென்ஸ் கோப்பில் வெண்டர் வரியின் கடைசியில் போர்ட் எண்ணைச் சேர்த்தால் தீர்ந்தது. ஒரே அம்சத்துக்கு இரண்டு ‘ஃபீச்சர்’ வரி இருந்தால் இரண்டாவது எண்ணிக்கையில் சேராது. கூட்டிச் சேர்ப்பது ‘இன்க்ரிமென்ட்’ வரிதான். ஒன்று விழுந்தாலும் ஓடுவதற்காக வைக்கும் மூன்று சர்வர் அமைப்பில் இரண்டு உயிரோடு இருக்க வேண்டும்; அது சுமையைப் பகிர்வதற்கான ஏற்பாடு அல்ல.

லாக் என்ற சாட்சி

கடற்படையின் தொகை ஏன் சுருங்கியது? இழப்பீட்டைக் கணக்கிட்டபோது நீதிமன்றம் ஏற்றப்பட்ட பிரதிகளின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரு தரப்பும் முன்கூட்டி உட்கார்ந்து பேசியிருந்தால், பயன்பாட்டை ஒட்டி என்ன விலைக்கு உடன்பட்டிருப்பார்கள் என்று பார்த்தது. உண்மையில் மென்பொருளைத் தொட்டவர்கள் சில நூறு பேர்தான் என்பது அங்கே எடை போட்டது. மீறல் நிரூபணமான பிறகும் பயன்பாட்டுச் சான்று பல கோடி டாலர் வித்தியாசத்தை உண்டாக்கியது. தயாரிப்பாளர் தரப்பிலிருந்து லைசென்ஸ் தணிக்கைக்கு ஆள் வரும்போதும் நிலைமை இதுதான்: உச்சம் எவ்வளவு, தனிப் பயனர் எத்தனை என்று காட்ட முடியாதவர், தயாரிப்பாளர் போடும் கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஃப்ளெக்ஸ்நெட்டின் டீபக் லாகில் ‘அவுட்’ (எடுத்தது), ‘இன்’ (திருப்பியது), ‘டினைட்’ (மறுக்கப்பட்டது) என்ற மூன்று வகை வரிகள் முக்கியம். ஒவ்வொரு வரியிலும் மணி, நிமிடம், நொடி மட்டுமே இருக்கும். தேதி இடையிடையே தனி வரியாக வரும். நறுக்கி எடுத்து ஆராயும்போது தேதி வரியையும் சேர்த்து எடுக்காவிட்டால் நாட்கள் குழம்பிவிடும். மறுப்பு வரிகளை அப்படியே எண்ணவும் கூடாது. சில மென்பொருள்கள் இடம் கிடைக்கும்வரை சில நொடிக்கு ஒருமுறை தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும். ஒருவரே நூற்றுக்கணக்கான மறுப்பாகத் தெரிவார். ஒரே பயனர், ஒரே கணினி, பத்து நிமிடத்துக்குள் என்றால் ஒரு மறுப்பு என்று சுருக்கி எண்ணுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது: ஆப்ஷன்ஸ் கோப்பில் ‘டீபக்லாக்’ பாதைக்கு முன் கூட்டல் குறி இல்லாவிட்டால், சர்வரை மறுதொடக்கம் செய்யும்போது பழைய லாக் அழிந்து புதிது எழுதப்படும். ஒரே ஒரு குறி. அது இல்லாமல் ஓராண்டுச் சான்று ஓர் இரவில் போனால் மீட்க வழியில்லை. கூட்டல் குறியைப் போட்டு, மாதம் ஒருமுறை கோப்பை மாற்றி, பழையதை ஒப்பந்தத்தின் தணிக்கைக் காலம் முடியும்வரை வேறிடத்தில் வையுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

இடைநிலை விற்பனையாளர் வழியாக வாங்கினாலும் லைசென்ஸ் விதிகளில் தயாரிப்பாளரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். கட்டணம் எதற்கு என்பது தெளிவாக இருக்கட்டும்: ஏற்றுவதற்கா, பெயருக்கா, ஒரே நேரப் பயன்பாட்டுக்கா? ஏற்றும் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்றால் அந்த வாக்கியமே இருக்க வேண்டும். இருக்கையின் எண்ணிக்கையிலிருந்து அதை ஊகிக்க விடக் கூடாது. கட்டுப்பாட்டுக் கருவியின் பெயர், அது எந்தெந்த நுழைவழியை அடைக்க வேண்டும், உறை மாட்டுவது யார் பொறுப்பு, அது பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், அதுவரை பயன்பாடு என்ன ஆகும் என்பவை அடுத்து. கருவி பழுதானால் அனுமதி உடனே ரத்து என்ற வாசகத்தை வாங்குபவர் அப்படியே ஏற்கக் கூடாது. திருத்திக்கொள்ளக் கால அவகாசம் கேட்க வேண்டும். தயாரிப்பாளர் பக்கம் நிற்பவருக்கோ எதிர்த்திசை: சாவிக் கட்டுப்பாட்டை நீக்கிய பதிப்பை அனுப்பும் முன், உறை மாட்டிய பொதியின் சோதனை லாகைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.